ஓடவும் உறங்கவும் ஒரு போட்டு

17 ஜனவரி 1974
குளிர். பால் உறையவில்லை. மெழுகிய அடுப்படித் தரையில் இவர் மறுபடியும் கரிக்கட்டியால் ஒரு போட்டு, பாய் கட்டிய படகு, வரைந்திருக்கிறார். எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் பிட்டர் வேலை போதாதென்று இது வேறு. எஸ்டேட் மேனேஜர் துரைக்குக் கொச்சிக் காயலில் பாய்மரப் பந்தயம் ஓட வேண்டுமாம். அதே போட்டில் இரவு படுக்க வேண்டுமாம். பிறகு ஜீப்புக்குப் பின்னால் கட்டி மலைக்கு இழுத்து வர வேண்டுமாம்.

"ஓடணும், உறங்கணும், கூப்பிட்டா வீட்டுக்கும் வரணும். பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு கேக்க மாட்டாரு" என்கிறார்.

எனக்கு மலை ரோட்டில் அந்த நேரியமங்கலம் இறக்கம்தான் கண்ணில் நிற்கிறது. ஜீப்பில் இவரும் போவார்.

2 பிப்ரவரி
போட்டின் அடியில் கத்தி மாதிரி ஓர் இரும்புத் தகடு. தண்ணீரில் இறக்கினால் சாயாமல் பிடிக்கும். ரோட்டில் மேலே இழுத்துக்கொண்டால் ட்ரெய்லரில் தாழ்வாக உட்காரும். பாய்மரம் கீலில் மடங்கும். இதெல்லாம் இவருக்கு யார் சொன்னது? ஒரு பழைய பத்திரிகைப் படமும் பிடிவாதமும்தான்.

எடைதான் கவலை. ட்ரெய்லரும் சேர்த்து அறுநூறு கிலோ தாண்டினால் இறக்கத்தில் பிரேக் தாங்காதாம். "சாந்தம்மா, கணக்கு உனக்குத்தான் நிக்கும். ஒவ்வொண்ணையும் நிறுத்து எழுது" என்றார்.

11 பிப்ரவரி
தேயிலைக் கொழுந்து நிறுக்கும் புரையில் சும்மா கிடந்த, கொக்கியில் மாட்டி நிறுக்கிற வட்டத் தராசைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பலகை, சட்டமெல்லாம் அதில். ஆணி, திருகு என் கைத்தராசில்.

போட்டின் உள்ளறையில் பிள்ளையாருக்கு ஒரு மாடம் கேட்டேன். "அவரு எத்தனை கிலோ?" என்றார். முந்நூறு கிராம். எழுதிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

26 பிப்ரவரி
துரை இப்போது அலமாரியும் மேசையும் கேட்கிறார். இவர் முகம் செத்துவிட்டது. "வீட்டைக் கட்டி அதுல பாயை விரிக்கச் சொல்றான்." கூட்டிப் பார்த்தேன். ஐந்நூற்று எழுபது. இடம் இருக்கிறது. பிறகு ஏன் எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை?

9 மார்ச்
மாசக் கடைசியில் கோயில் பொங்கல். வெல்லம் விற்கிற மறையூர் குப்பண்ணன் ஐந்து கிலோ வெல்லம் கொண்டுவந்தார். வட்டத் தராசில் மாட்டினேன். மூன்று. விடுவேனா?

"அம்மணி, என்ர படிக்கல்லு பொய் சொல்லாதுங்க. உங்க ஊட்டு முள்ளைப் பாருங்க" என்றார்.

பக்கத்துத் தொழிலாளர் லயத்து அழகுத்தாய், கொழுந்து பறிக்கிறவள், வாசலில் நின்று சிரித்தாள். "மதினி, அது எங்க தராசுல்லா? புரையில எல்லாத் தராசும் இப்படித்தான். சாக்குக்குன்னு ரெண்டு கிலோவை முழுங்கிட்டுத்தான் முள்ளு அசையும். சாக்கு ஒரு கிலோகூடத் தேறாது. எங்களையே அடிக்கிற தராசு, ஒங்க போட்ட விட்டுருமா?"

குனிந்து பார்த்தேன். பூஜ்யத்தில் சின்னதாய் ஓர் ஆணி. முள் அதில் சாய்ந்து நிற்கிறது; ஆணி இல்லாவிட்டால் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். வெல்லத்தைப் பிரித்துப் பிரித்துக் கைத்தராசில் போட்டேன். ஐந்து.

அப்படியானால் ஒவ்வொரு பலகைக்கும் ரெண்டு கிலோ குறைவு. அறுபது தடவையாவது மாட்டியிருப்பேனே — முருகா.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு
போட்டு பெயின்ட் அடித்து நிற்கிறது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று வெள்ளைக்கோடுகூட நான்தான் போட்டேன். நாளை மறுநாள் புறப்பாடு. எப்படிச் சொல்ல?

சொல்லிவிட்டேன். "என்னங்க, எடை தப்பு. நூத்தி இருவது கிலோ கூட." அவர் வெல்லத்தைத் துணியில் கட்டித் தானே மாட்டினார். இறக்கினார். மறுபடி மாட்டினார். சோறு ஆறிப்போனது.

10 மார்ச்
மேசை, அலமாரி, ஒரு படுக்கை எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டார். அடியில் பாரத்துக்கு வைத்த ஈயக்கட்டிகள் தேயிலை லாரியில் தனியாகப் போய், காயல் கரையில் மாட்டப்படுமாம். துரை கத்தினாராம். "சார், மேசை வேணுமா, பிரேக் வேணுமா?" என்று கேட்டாராம் இவர். இதை எனக்குச் சொன்னது அழகுத்தாய். என்னோடு இன்னும் பேச்சில்லை. பிள்ளையார் மாடத்தை மட்டும் பெயர்க்கவில்லை.

11 மார்ச்
போய்விட்டார்கள். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

13 மார்ச்
தந்தி இல்லை. இல்லாதது நல்லதுதானே? அரிசியை ரெண்டு தடவை களைந்தேன்.

18 மார்ச்
வந்துவிட்டார்! ஒன்பது போட்டில் நாலாவது. துரை காலை நீட்டி உள்ளே உறங்கினாராம், இவர் ஜீப்பில் முடங்கினாராம். கை கழுவும்போது சொன்னார்: "ஒரு வளைவுல பிரேக் தீஞ்ச நாத்தம் வந்துச்சு. அந்த மிச்ச எடையும் இருந்திருந்தா..." சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒன் வெள்ளைக்கோடு ரெண்டு விரல் முங்கிடுச்சு. மேல தள்ளிப் போடணும்" என்றார்.

போடுகிறேன். எத்தனை விரல் வேண்டுமானாலும்.

20 மார்ச்
சாயங்காலம் அழகுத்தாய் வந்து வெல்லம் இரவல் கேட்டாள். பொங்கலுக்கு வாங்கிய ஐந்து கிலோவும் அப்படியே இருந்தது.

"திங்க இல்ல மதினி. நாளைக்குக் கொழுந்து நிறுக்கையில புரைத் தராசுல எல்லார் முன்னாலயும் மாட்டிக் காட்டணும்."

எனக்குக் கொடுக்கக் கை வரவில்லை. துரையிடம் சம்பளம் வாங்குகிற வீடு. இவரைப் பார்த்தேன். அடுப்படித் தரையில் அடுத்த போட்டு, இந்தத் தடவை அலமாரி இல்லை. கரிக்கட்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"நீ சொமக்காத தாயி. காலையில நானே கொண்டாறேன்" என்றார் அவளிடம். என்னிடம், "ஒன் கைத்தராசையும் எடுத்து வை" என்றார்.

துடைத்து வைத்திருக்கிறேன்.