இரும்புத் தொப்பிக்குள் இருந்த பெயர்

அன்புள்ள பாய்,

பக்கத்து வீட்டில் இன்று காலை குத்துவிளக்கு தேய்க்கிறார்கள். ஊறிய புளியும் செங்கல் பொடியும் கலந்த வாசனை உள்ளே வந்ததுமே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். காபியைக் கொண்டுவந்து வைத்த மனைவி, "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். வெயில் என்றேன். காலை ஏழு மணிக்கு ஏது வெயில்? அவள் நம்பவில்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. பொய் சொல்லும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுப்பவன் நாய்க்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. நான் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் பல்லிக்கும் பயப்படுவேன். கூனிமேட்டில் உங்கள் காயலான் கடைக்கு முதல் தடவை வந்தபோது, பின்னறைச் சுவரில் வரிசையாக நாலு பட்டாளத் தொப்பிகள் தொங்குவதைப் பார்த்துவிட்டு வாசலுக்கே ஓடி வந்தேன். இருட்டில் அவை தலைகள் மாதிரி இருந்தன. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உள்ள ஆள் யாரும் இல்ல, தைரியமா வாங்க ரீடிங் சார்" என்றீர்கள். அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது.

கடையில் வந்து விழுகிற இரும்பும் தகரமும் லாரி ஏறி உலைக்குப் போகும். உலைக்கு அனுப்ப உங்களுக்கு மனசு வராதவை எல்லாம் அந்தப் பின்னறையில் இருந்தன. பாண்டிச்சேரிப் பழைய வீடுகளிலிருந்து வந்த வெள்ளிக் கரண்டிகள், நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள், கப்பலில் வந்த ஊறுகாய் ஜாடிகள். வெள்ளிக் கரண்டியின் காம்பில் வாயால் ஊதி, அந்த ஈரம் மறைவதற்குள் முத்திரையைப் பார்த்துவிடுவீர்கள். பீங்கானை நகத்தால் தட்டிக் காதருகில் வைத்துக்கொள்வீர்கள். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும் என்பீர்கள். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. கேட்ட மாதிரி தலையை ஆட்டுவேன். ஆரோவில்லிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்து விலை கேட்டால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். கரண்டி மட்டும் கடையை விட்டு வெளியே போகாது.

நான் உங்களுக்குக் கண். எந்த வீட்டுப் பரணில் பழைய ஜாடி இருக்கிறது, எந்த வீட்டுச் சாமி அறையில் வெள்ளைக்காரன் காலத்துத் தட்டு இருக்கிறது என்று ரீடிங் எடுக்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்வேன். கண்டுபிடித்தது நானாக இருந்தாலும், பொருளைப் புரிந்துகொண்டவர் எப்போதும் நீங்கள்தான். அது எனக்குக் கொஞ்சம் உறுத்திற்று. இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பொருள் வந்தாலும் மூன்று நாள் அப்படியே இருக்க வேண்டும். கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். "அழுக்குலதான் சார் எல்லாம் எழுதியிருக்கும். கை அரிச்சா பாக்கெட்ல விட்டுக்குங்க" என்பீர்கள்.

அலை வந்த டிசம்பருக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து அனுமந்தைக்குப் போனேன். கடலை ஒட்டி இருந்த வீடுகளில் மீட்டரே இல்லை. எதை ரீடிங் எடுப்பது? ரீடிங் எடுக்கப் போய்ப் பழக்கமான பிலோமி அக்கா தகரக் கொட்டகையில் இருந்தார். அவருடைய வீட்டில் சுவர் மட்டும் நின்றது. பெட்டியும் காகிதங்களும் கடலோடு போய்விட்டன. தாழை வேரில் சிக்கி மணலுக்குள் கிடந்த ஓர் இரும்புத் தொப்பி மட்டும்தான் திரும்பக் கிடைத்ததாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது சைகோன் பக்கம் சண்டைக்குக் கப்பலேறிப் போன அப்பாவுடையது. அவர் திரும்பவில்லை. கூடப் போன ஒருவர் இந்தத் தொப்பியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். உப்புக் காற்றிலேயே இருந்த இரும்பு, அலைக்குப் பிறகு பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்திருந்தது.

"அந்தப் பாய் இதெல்லாம் பாத்துப்பாரு இல்ல? துருவ மட்டும் நிறுத்திக் குடுக்கச் சொல்லு தம்பி. விக்கறதுக்கு இல்ல" என்று சேலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

அன்று சனிக்கிழமை. நேராக உங்களிடம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனேன். பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்து வைத்தால் நீங்கள் அசந்துபோவீர்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புளி, செங்கல் பொடி, மண்ணெண்ணெய், கம்பி பிரஷ். வெளிப்பக்கம் நன்றாகவே வந்தது. உள்பக்கம் தேய்க்கும்போது துருவோடு சேர்ந்து வெள்ளையாக ஏதோ செதில் செதிலாக வந்தது. பழைய பெயின்ட் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஓரத்தில் ஏழு மாதிரி ஒரு கோடு இருந்தது. எழுத்தாக இருக்குமோ என்று நினைக்கும்போதே கை இன்னொரு தடவை தேய்த்துவிட்டது. கோடு போய்விட்டது.

திங்கட்கிழமை உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். சுவரில் மாட்டாமல் மேஜை மேலேயே வைத்தீர்கள்.

பத்து நாளில் பிலோமி அக்கா கடைக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாண்டிச்சேரியில் ஓர் ஆபீசில் விசாரித்தாராம். "பட்டாள நம்பர் இருந்தா போதுமாம் பாய். எங்கப்பாவ எங்க அடக்கம் பண்ணாங்கன்னு தேடிச் சொல்லிடுவாங்களாம். எனக்குப் படிக்கத் தெரியாது. பேரும் நம்பரும் தொப்பிக்குள்ள வெள்ளையா எழுதியிருக்குதுன்னு அம்மா சொல்லும். எழுதிக் குடுங்க."

நீங்கள் தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தீர்கள். அப்புறம் என் விரல்களைப் பார்த்தீர்கள். கம்பி பிரஷ் கீறின கீறல் அப்போதும் ஆறவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அக்காவிடம், "நான்தாம்மா தேச்சேன். தெரியாம அழிச்சிட்டேன்" என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் பாய், அந்த நிமிஷத்தில் நான் செய்தது.

ஒரு வாரம் டைம் கேட்டீர்கள். மத்தியான வெயிலில் தொப்பியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். சுண்ணாம்புப் பொடியைத் தூவி ஊதினீர்கள், ஏதாவது பள்ளத்தில் நிற்குமா என்று. ஒன்றும் நிற்கவில்லை. எட்டாம் நாள் அக்கா வந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கப்பா பேர அழிச்ச கை விளங்குமா?" என்று ரோட்டில் நின்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் போன பிறகு ஏன் பாய் என்று கேட்டேன். "நீங்க வீடு வீடாப் போற மனுஷன். உங்களப் பாத்து கதவ சாத்திட்டா எப்படி வேலை செய்வீங்க? நான் கடையில உக்காந்திருக்கிறவன், எனக்கு இன்னா? கோபம் ஆறட்டும். நீங்களே போய் சொல்லிடுங்க. ஆனா சொல்லிடணும்" என்றீர்கள். சரி என்றேன்.

ஒவ்வொரு தடவை அனுமந்தைக்குப் போகும்போதும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தால் வேலையாக இருக்கிறார் என்று வந்துவிடுவேன். சும்மா உட்கார்ந்திருந்தால் ஏதோ கவலையில் இருக்கிறார் என்று வந்துவிடுவேன். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் அனுமந்தையிலிருந்து உங்கள் கடைக்கு ஒரு பழைய ஆணி வருவதுகூட நின்றுபோயிற்று.

அப்புறம் உங்களுக்கு வலது கை விழுந்தது. பிரஷர் என்றார் டாக்டர். அனுமந்தையில் வேறு காரணம் சொன்னார்கள். கட்டிலில் படுத்திருந்த உங்களைப் பார்க்க வந்தேன். வாய் குழறிற்று. ஆனால் நீங்கள் கேட்ட முதல் வார்த்தை எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் பாய்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

"பரவாயில்லன்னாங்க."

உங்கள் முகம் அப்படித் தெளிந்தது. "அப்ப வருவாங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தீர்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்கள் தலையைத் திருப்புவீர்கள் என்று உங்கள் வீட்டம்மா சொன்னார். யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அப்போதாவது நான் அனுமந்தைக்கு ஓடியிருக்க வேண்டாமா? சைக்கிளில் அரை மணி நேரம். பயம் பாய். முதல் பயத்தை மறைக்கச் சொன்ன பொய், இரண்டாவது பயமாகிவிட்டது.

போன வாரம்தான் போனேன். அக்கா வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புளி, பிரஷ், ஏழு மாதிரி இருந்த கோடு, நீங்கள் ஏற்றுக்கொண்ட பழி. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா பெயரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அவர் கை தேய்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நான் சொன்ன மாதிரியே கை விழுந்துடுச்சுன்னு கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல தம்பி. மாதா முன்னாடி முட்டி போட்டு, அவர் செஞ்சது தப்புதானே, நான் கேட்டது நியாயம்தானேன்னு சொல்லிச் சொல்லிதான் மனச ஆத்தினேன். இப்ப நீ வந்து அதுவும் இல்லன்னுட்டியே."

நீங்கள் காத்திருந்ததையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் பாதியை மறைத்துச் சொல்ல எனக்கு இனித் தெம்பு இல்லை. அவர் வலையைக் கீழே போட்டார். பிறகு எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். அவர் கைய என் கண்ணுல வச்சிருப்பேன். அவர அடக்கம் பண்ண எடத்துக்கு நான் போக முடியாது. நீ போய் சொல்லு. இனிமே இந்தப் பக்கம் ரீடிங் எடுக்க வேற ஆள அனுப்பச் சொல்லு."

மறுநாள் உங்களை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு வந்தேன். சுவர் ஓரமாக நின்றேன். யாரோ குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வாய்விட்டுப் பேச வெட்கமாக இருந்தது. அங்கேயும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா வராமல் இருந்தது உங்கள்மேல் இருந்த கோபத்தால் இல்லை பாய். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பார்.

இந்தத் தடவை அக்காவிடம் நிஜமாகவே சொல்லிவிட்டேன். நீங்கள் நம்ப வேண்டுமே என்பதுதான் இப்போது என் பயம்.