அப்பாவின் ஊதாக் கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

காரின் பக்கக் கண்ணாடிகளுக்கு இன்று கடையில் பிலிம் ஒட்டியாயிற்று. ஒட்டியதே தெரியாத ரகம்; தோலைச் சுடும் வெயிலை மட்டும் நிறுத்திவிடுமாம். பின்கண்ணாடியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். அப்பா எப்போதோ ஒட்டிய பழைய பிலிமை உரித்தால் கண்ணாடியைச் சூடேற்றும் கம்பிக்கோடுகளும் கூடவே பிய்ந்து வருமாம். வேண்டுமானால் பிலிம் தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கி வந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். திரை இழுத்த அறையிலிருந்து, "யாரு இப்ப கார்ல போகப் போறா?" என்றாள்.

மார்ச் 5

வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே டாக்டர் சொன்னார்? வெளியே போகாதீர்கள் என்றா சொன்னார்? எத்தனை பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. வெயில் பட்டால் கன்னம் தடித்துச் சிவக்கிறது, மூட்டெல்லாம் வலி, இரண்டு நாள் காய்ச்சல் — எல்லாம் சரி. அதற்காக இப்படியா?

மார்ச் 8, சனி

இன்று பின் சீட்டில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியை நன்றாகப் பார்த்தேன். கறுப்பாக ஒட்டியது, வெளுத்து வெளுத்து ஊதாவாகிவிட்டது. இனி இது வெயிலை நிறுத்தாது. எங்கு பார்த்தாலும் கொப்பளம்.

அப்பா இதை ஒட்டிய நாள் அப்படியே நினைவிருக்கிறது. பனியனோடு பின் சீட்டில் மண்டி போட்டிருந்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நானும் அக்காவும் ஆளுக்கொரு குவளையில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றோம். இதற்குப் போய் கடைக்காரன் எதற்கு என்று அவர் கேட்டது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். முடித்ததும் அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களுக்கு அந்தக் கொப்பளங்கள்தான் பிடிக்கும். பின்பக்கம் திரும்பி மண்டி போட்டு, விரலால் அமுக்கினால் எலி மாதிரி நழுவி ஓடும். என் பக்கம் ஓடி வந்தால் என்னுடையது. அதற்கும் சண்டை.

மார்ச் 9

உரிக்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல கை வைக்காதே. அப்பா ஒட்டினது. இருந்துட்டுப் போகட்டும்."

"நம்ம மேல வெயில் படக் கூடாதுன்னுதானே அவர் ஒட்டினார்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை.

மார்ச் 15, சனி

உரித்துவிட்டேன்.

துணிச் சுருக்கம் நீக்கும் ஆவிக் கருவியை வைத்துச் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தேன். முழுதாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பிக்கோட்டின் போக்கிலேயே துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஒரு கோடு போயிற்று. மற்றவை தப்பின.

பின் சீட்டில் இவ்வளவு வெளிச்சம் விழுந்து நான் பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செய்யக் கூடாததைச் செய்துவிட்டேனோ?

மார்ச் 16

சுத்தமான கண்ணாடியை இனிக் கடைக்கே கொண்டுபோயிருக்கலாம். மனசு வரவில்லை. அது எங்கள் வீட்டு வேலை.

முதலில் பிலிமைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்து, முடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டி வளைவுக்குப் படியவைத்தேன். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. பசையை மூடியிருந்த பின்தாளை உரித்து உள்ளே கொண்டுபோகும்போது ஒரு மூலை மடங்கி அதன் மேலேயே ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பிரிக்க இன்னும் மடங்கியது. போச்சு.

அப்படியே சுருட்டி எறிந்துவிட்டு நிமிர்ந்தால் கார் ஷெட் வாசலில் அக்கா. எப்போது வந்தாளோ. வெயில் இறங்கியிருந்தது.

"முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவங்க எல்லாம் இப்படித்தான். கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிப்பாங்க," என்றாள். பிறகு கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள். திட்டவில்லை. "நாளைக்கு இன்னொண்ணு வாங்கிட்டு வா."

மார்ச் 22, சனி

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தோம். இந்த முறை ஒரு பக்கம் அவள் பிடித்தாள், ஒரு பக்கம் நான். கண்ணாடி சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். ஈரம் இருந்தால்தான் பிலிம் நகருமாம், நகர்ந்தால்தான் சரியாக உட்காருமாம். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ரப்பர் தகட்டை அவளே வாங்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று தண்ணீரைத் தள்ளினாள். அவசரமே இல்லை. ஷெட்டின் கூரைக்குள் அவள் மூச்சுச் சத்தம் மட்டும்.

ஒரு கொப்பளம்கூட இல்லை. ஒன்றாவது இருந்திருக்கலாம்.

"அப்பா இருந்து பாத்திருந்தா வயிறெரிஞ்சிருப்பார்," என்றாள். சிரிக்க ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் எங்கேயோ போய் முடிந்தது.

மார்ச் 23

கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. உள்ளே நின்ற ஈரம்தான், காயக் காயத் தெளியும் என்கிறாள் அக்கா. காலையிலிருந்து நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டாள்.

மார்ச் 27, வியாழன்

இன்று பஸ்ஸில் வேலைக்குப் போனேன். உட்கார இடமில்லை. காரை அக்கா எடுத்துப் போய்விட்டாள் — முழுக்கை சட்டை, தொப்பி, கையுறை, பார்க்க யாரோ மாதிரி இருந்தாள். ரிவர்ஸ் எடுக்கப் பயந்து பாதியில் நின்றுபோன மாணவி ஒருத்தி, இவளிடம்தான் கற்பேன் என்று காத்திருந்தாளாம்.

மதியம் அக்கா போன் செய்து, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வரவா என்றாள். வா என்றேன்.