அம்மாவின் பெயரில் ஒரு வாக்கு

இன்று தபால் கந்தோரில் யாருடைய பொதிக்கோ அரக்கு உருக்கினார்கள். அந்த வாடை வந்ததும் முத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, டீச்சர். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இனி எழுதித்தான் சொல்ல வேண்டும். என் கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை.

கிழக்கில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்த பின் வந்த தேர்தல் அது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த உங்கள் அம்மாவின் ஊர்ச் சாவடிக்கே நம் இருவரையும் போட்டிருந்தார்கள். நான் தலைமை அலுவலர்; பட்டியலைப் பார்த்துப் பெயரை உரத்து வாசிப்பது உங்கள் வேலை. காலையில் வெறும் வாக்குப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். முன்னால் நின்ற மீன்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, "எங்கட வயிறு மாதிரித்தான், மிஸ். உள்ளுக்கு ஒண்டுமில்ல" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்காமல் பெட்டியை மூடி அரக்கு முத்திரை வைத்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள், முறை தவறாதவள் என்ற பெருமை எனக்கு.

பின்னேரம் துப்பாக்கியோடு இருவர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் அனுப்பிய பெண் ஒரு வாக்காளர் அட்டையை நீட்டினாள். நீங்கள் வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றீர்கள். சுனாமியில் போன உங்கள் அம்மாவின் பெயர். உடல் கிடைக்காததால் மரணப் பதிவுக்குப் போக உங்களுக்கு மனம் வரவில்லை. பெயர் பட்டியலிலேயே இருந்தது.

என்னைப் பார்த்தீர்கள். கட்சி முகவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணை விசாரிக்கும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது.

"வாசியுங்க, டீச்சர்," என்றேன். "ஆக்கள் நிக்கிறாங்க."

வாசித்தீர்கள். மாலையில், வாக்கெடுப்பு ஒழுங்காக நடந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பெட்டியோடு திரும்பும்போது பஸ்ஸில், "பேர வெட்டாம வச்சது என்ட பிழைதானே, மிஸ்?" என்று கேட்டீர்கள். 'இல்லை' என்று சொன்னால், யாருடைய பிழை என்றும் சொல்ல வேண்டிவரும். வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் வாக்குப் போடவே இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம், "அது எங்களுக்கில்ல, மிஸ்" என்றீர்கள்.

பிழை என்னுடையது, டீச்சர். நான் பயந்துவிட்டேன்.

இப்போதும் தேர்தல் நாளில் என் வாக்கைப் போட்டபின் வேலியோரம் நின்று, உள்ளே பெயர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "போட்டாச்சுதானே, வீட்ட போங்கம்மா" என்று போன முறை பொலிஸ்காரர் சொன்னார். செத்தவர் பெயர் ஒன்று வந்தால் உள்ளே போய் நிறுத்த வேண்டும் என்றுதான் நிற்கிறேன். ஒருமுறையும் வந்ததில்லை.