கடைக்குள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

3 மார்ச் 2024, ஞாயிறு
இந்த வாரம் கம்பெனியில் ஓவர்டைம் இல்லை. சாயங்காலம் சக்தியைக் கூட்டிக்கொண்டு, ஓசூரில் புதிதாகத் திறந்திருக்கும் வீட்டுச் சாமான் கடைக்குப் போகவேண்டும். குக்கர் கைப்பிடி உடைந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட். சக்தி இப்போதே பச்சைப் பாவாடையை எடுத்து வைத்துவிட்டாள். ஆறு வயதில் எவ்வளவு அலங்காரம்!

7 மார்ச்
பெங்களூரு. கண் ஆஸ்பத்திரி. எழுத வரவில்லை.

10 மார்ச்
கடை மாடியில் ஆளுயரக் கண்ணாடிகளைச் சுவரில் சும்மா சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கட்டவும் இல்லை, ஆணி அடிக்கவும் இல்லை. நான் ஒரு குக்கரைத் திறந்து ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்தி கண்ணாடி முன்னால் நின்று பாவாடையைச் சுழற்றினாள். விளிம்பைத் தொட்டாளோ என்னவோ – சத்தம்தான் கேட்டது.

இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "நீ என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்த?"

குக்கரை. குக்கரப் பாத்துக்கிட்டு இருந்தேன். போதுமா?

2 ஏப்ரல்
கடை மேனேஜரைப் பார்த்தோம். படிக்கட்டருகே இருந்த போர்டைக் காட்டினார்: குழந்தைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு.

"நீங்க கவனிக்காம விட்டுட்டா நாங்க என்னங்க பண்றது?"

அவர் தலையாட்டினார். பெத்த அப்பன், மேனேஜர் சொன்னதுக்குத் தலையாட்டுகிறார்! கண்ணாடி விழுந்த நாளிலிருந்தே எங்களுக்குள் பேச்சு குறைவுதான்.

19 மே
கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் அனிதா, தனக்குத் தெரிந்த வக்கீல் ரேவதியிடம் அழைத்துப்போனாள்.

"போர்டு மாட்டிட்டா பொறுப்பு போயிடாதும்மா," என்றார் ரேவதி. "குழந்தைங்க வருவாங்கன்னு தெரிஞ்சுதான கடை தொறக்கிறாங்க? குழந்தை தொடத்தான் செய்யும். தொட்டா விழுற மாதிரி நிறுத்துனது அவங்க தப்பு."

கிருஷ்ணகிரியில் நுகர்வோர் வழக்குப் போடலாமாம். அவங்க தப்பு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதற்கே எனக்கு அழுகையாக வந்தது.

8 ஆகஸ்ட்
"கேஸ் வேணாம். அங்கயும் உன்னைத்தான் கேப்பாங்க" என்கிறார் வீட்டுக்காரர். கேட்கட்டும். வீட்டில் கேட்காததையா?

22 ஜனவரி 2025
கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டில் கடையின் வக்கீல் கேட்டார்: "கண்ணாடி விழுறப்ப பொண்ணு உங்க பார்வையில இருந்தாளா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அடுத்து பார்வதி. அந்தக் கடையில் விற்பனையாளராக நிற்கும் பெண், பக்கத்துத் தளி ஊர்க்காரி. ரேவதி தேடிப் பிடித்துக் கேட்டதும் சாட்சிக்கு வந்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடி அதுக்கு முன்னாடியே ஒருக்கா சாஞ்சுது சார். நான்தான் புடிச்சேன். செவுத்தோட சேத்துக் கட்டுங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். ஆஃபர் முடியட்டும்னாரு."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்றார் கடை வக்கீல்.

"யாரும் கேக்கலையே சார்."

வெளியே வந்ததும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சிருக்கு… அவனுக்குத் தெரிஞ்சிருக்குடி." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பக்கத்தில் போய் உட்காரலாமா என்று நினைத்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

30 ஜனவரி
பார்வதியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம்.

16 செப்டம்பர்
தீர்ப்பு வந்துவிட்டது. கடைதான் பொறுப்பு, நஷ்டஈடு தரவேண்டும். ரேவதி ஒரு வரியைத் தமிழில் சொன்னார்: கடைக்கு வந்தவர் பொருளைப் பார்ப்பது இயல்பு, அதற்காகத் தாயைக் குற்றம் சொல்ல முடியாது. அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

"ஜெயிச்சிட்டோம்டி!" என்று அனிதா சக்தியைக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப எனக்குக் கண்ணு குடுப்பாங்களா அத்தை?"



9 நவம்பர், ஞாயிறு
கடை மேல்முறையீடு செய்திருக்கிறது. இன்னும் இழுக்கும் என்கிறார் ரேவதி.

பார்வதியைப் பார்க்க இன்று தளிக்குப் போனோம். ரோஜாத் தோட்டமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "நீங்க ஏன் அழறீங்கக்கா, இங்க நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். சம்பளம் குறைவுதான் என்பதையும் மறைக்கவில்லை.

சக்தி செடிகளுக்கு நடுவே நடந்தாள். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளை அவளுக்குத் தெரியவில்லை. முள் தோளைக் கீறிவிட்டது. அழவில்லை, தேய்த்துக்கொண்டாள். நான் எழுவதற்குள் அவர் போய் அவளுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டார். பஸ் நிறுத்தம் வரை அந்தப் பக்கத்தை விடவில்லை.

நான் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நின்று திரும்பிப் பார்த்தார்.

"பூங்கொடி, நீ அவளுக்கு வலப்பக்கம் வா."

போனேன்.