மைக்கில் முடிவான படிப்பு

பாலக்கரை, திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை ஆலியாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா ஜஹானாரா எழுதுகிறேன்.

நானும் அத்தாவும் நலம். அங்கே நீயும் நலமாக இருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறேன். அடுத்ததாக உன் மகள் ஆஃப்ரினும் நலம் என்று எழுத வேண்டும். நலம்தான். ஆனால் அவள் இப்போது நம் வீட்டில் இல்லை. பக்கத்துத் தெருவில், அவள் தகப்பன் தாஹா வீட்டில் இருக்கிறாள். இந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போய்விட்டார்கள். இந்த வாரம் முழுக்க நீ வீடியோ காலில் கேட்டபோதெல்லாம் தூங்கிவிட்டாள், ஓதப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். அத்தா சொல்லச் சொன்னார், நானும் சொன்னேன்.

பதறாதே. பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து முழுக்கப் படி. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

போன மாதம் இரண்டு இடத்திலும் அட்மிஷன் கிடைத்துவிட்டது, எதில் சேரட்டும் என்று எங்களைக் கேட்டாய். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பார். டொரண்டோவில் இருப்பது சாயங்கால வகுப்பு, ஒரு வருஷம். இப்போதைய வேலையையும் வீட்டையும் விட வேண்டாம். வருகிற கோடை லீவில் ஆஃப்ரினை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நிர்வாகப் படிப்பு. அதைப் படித்தால் ஆபீசில் நாற்காலி மாறலாம், பாலத்தின் வரைபடத்தில் கடைசிவரை உன் கையெழுத்து விழாது. இன்னொன்று வடக்கே பனி ஊரில், பாலக் கட்டுமானத்திலேயே மாஸ்டர்ஸ், இரண்டு வருஷம். அதை முடித்தால் லைசென்ஸுக்கு வழி உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு, நாலு பேரோடு ஒரே வீட்டில் ஓர் அறையில் இருக்க வேண்டும். அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது.

இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றும், நீயே இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அத்தா யோசிக்கவில்லை. நீ சொன்னதில் அவர் காதில் விழுந்தது பாலம் ஒன்றுதான். ஆயுள் முழுக்கக் கம்பியும் சிமெண்டும் விற்ற மனுஷர். ஞாயிற்றுக்கிழமையானால் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு காவிரிக்குப் போய், புதுப் பாலத்துத் தூண்களைக் காட்டி, "இந்த மாதிரிதான் உங்கம்மா கட்டப் போறா" என்று வேலைக்காரர்கள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் நம் மஹல்லா பள்ளிவாசலில் நபி புகழ் பாடும் மௌலூது நிறைவு. உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு யாருக்கு என்ன துஆ வேண்டுமோ சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், ஹஜ்ரத் அதை ஒவ்வொன்றாக மைக்கில் படிப்பார். யாருக்கோ ஆபரேஷன், யார் மகளுக்கோ மாப்பிள்ளை, யாருக்கோ விசா என்று படித்துக்கொண்டே வந்தார். நடுவில், முகம்மது கனி அவர்களுடைய மகள் ஆலியா கனடாவில் இரண்டு வருஷம் தங்கி இன்ஜினியரிங் மேல்படிப்புப் படிக்கப் போகிறார், அது நல்லபடியாக நிறைவேற வேண்டும் என்று படித்தார். மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த நான் பழக்கத்தில் ஆமீன் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அத்தா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று உறைத்தது. எனக்கு முன்வரிசையில் உன் பழைய மாமியார் சாரா பீவி இருந்தார். அவரும் ஆமீன் சொல்லிவிட்டுத்தான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நீ இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் தெருவுக்கெல்லாம் மைக்கில் முடிவாகிவிட்டது. வெளியே வந்தால் நார்சா இனிப்பு வாங்கிய கையோடு ஆளாளுக்கு என்னை நிறுத்தி மாஷா அல்லாஹ் என்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல? பல்லைக் காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நீயும் தாஹாவும் பிரிந்தபோது ஜமாத்தில் பேசியது உனக்கு நினைவிருக்கும். பிள்ளை உன் பொறுப்பு, உனக்கு நிலையான வேலையும் வீடும் இருக்கும்வரை நீ எப்போது அழைத்தாலும் தாஹா சம்மதக் கையெழுத்துப் போடுவான் என்று. அதை வைத்துத்தான் சாரா பீவி அடுத்த நாளே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியிடம் போயிருக்கிறார். வியாழக்கிழமை ஜமாத்தைக் கூட்டினார்கள். பெண்கள் யாரையும் கேட்கவில்லை. செருப்பு விடும் இடத்தில் நின்றுதான் நான் கேட்டேன். சாரா பீவிக்காக அவர் தம்பி பேசினார். "ரெண்டு வருஷம் ரூம்ல தங்கப்போற பொண்ணு பிள்ளைய எங்கங்க வச்சுக்கும்? பெத்த தகப்பன் இங்க இருக்கறப்ப அது எதுக்குப் பெரியம்மா வீட்ல வளரணும்?" என்றார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம், ஆலியா.

ஆனால் ஒரு பதில் இருந்தது. என் மகள் இன்னும் முடிவு செய்யவில்லை, நான்தான் அவசரப்பட்டுச் சீட்டு எழுதிவிட்டேன் என்று அத்தா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்போம். முத்தவல்லியே அதற்கு வழி விட்டார். "கனி பாய், அது முடிவான விஷயம்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பத்துப் பேர் முன்னால் மைக்கில் வந்ததை மாற்றிச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. முடிவானதுதான் என்றார். நான் வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜமாத்தில் சொன்னது இதுதான். உன் முடிவு எழுத்தில் வரும்வரை பிள்ளை தாஹா வீட்டில் இருக்க வேண்டும். நீ வேலையையும் வீட்டையும் விடாமல் ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தால் பிள்ளை நம் வீட்டுக்குத் திரும்பி வருவாள், தாஹாவும் கையெழுத்துப் போடுவான், கோடையில் அவள் உன்னிடம் வரலாம். இரண்டு வருஷப் படிப்பென்றால் முடியும்வரை அங்கேயே இருப்பாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் நம் வீட்டில் விடுவார்கள். பிறகு நடப்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுவாள், அப்புறம் யாரை யாரிடமிருந்து பிரிப்பது? இதை அங்கே யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்க வாய்ப்பில்லை.

தாஹா வீட்டில் பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். அவன் புது மனைவி தலை வாரி இரட்டைச் சடை போட்டு அனுப்புகிறாள், நான் போடுவதைவிட நேர்த்தியாக. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. நம் மொட்டை மாடியில் நின்றால் அவர்கள் வீட்டுக் கொடியில் ஆஃப்ரினின் ஸ்கூல் சாக்ஸ் காய்வது தெரியும். துணி எடுக்கும் சாக்கில் தினமும் மேலே போகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூல் வேன் டிரைவர் மறந்துபோய் அவளை நம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நேராக உள்ளே வந்து பையை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டுப் பால் கேட்டாள். நான் ஆற்றிக் கொடுத்தேன். கணக்கு வீட்டுப்பாடமும் போட்டு முடித்தாள். அதற்குப் பிறகு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் விட்டு வந்தேன், ஆலியா. வேறு வழியில்லை. விடாமல் வைத்துக்கொண்டால் அவர்கள் அனுப்புவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமையும் போய்விடும். போகும் வழியில் அவள், "பெரியம்மா, பரீட்சைல ஃபெயிலாயிட்டா அம்மாவ வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். உங்கம்மா ஃபெயிலாக மாட்டாள் என்றேன். கொஞ்ச தூரம் கல்லைத் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "நான் துஆ செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

உன் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. நான் ஸ்ரீரங்கத்து ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் போகும் பஸ் தினமும் பழைய காவிரிப் பாலத்தில்தான் போகிறது. நெரிசலில் பாதிப் பாலத்தில் நின்றுவிட்டால் ஜன்னல் வழியாகப் புதுத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்னையில் ஏழு வருஷம் பாலத்துக்குக் கணக்குப் போட்டவள் நீ. அங்கே போய் மூன்று வருஷமாக உன்னைவிடச் சின்னப் பையன்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிறாய். "நான் போட்ட கணக்குல இன்னொருத்தன் கையெழுத்துப் போடறான்க்கா" என்று ஒரு தடவை சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஒரு வருஷப் படிப்பில் சேர் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்து நிற்கிறது.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நிஜாமுதீன் பதினாறு வருஷமாகக் குவைத்தில் இருக்கிறார். எங்கே தங்கியிருக்கிறாய், பெண்டாட்டியை எங்கே வைப்பாய் என்று எந்த ஜமாத்தும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஊருக்கு வந்தால் முன்வரிசையில் இடம் விடுகிறார்கள். நீ இரண்டு வருஷம் என்றதும் எல்லோருக்கும் பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. இதை அத்தாவிடம் சொன்னேன். மனுஷர் ஒடுங்கிப் போயிருக்கிறார். பள்ளிவாசலுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுகிறார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காவிரிப் பக்கம் போகவில்லை. அவரைத் திட்டாதே. உனக்கும் சேர்த்து நானே திட்டிவிட்டேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. பிள்ளை போனதை, நீ அந்த இரண்டு வருஷப் படிப்பில் இடத்தை உறுதி செய்த பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்படி ஏமாற்றி உன்னைப் படிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எதில் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ அவளைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டாலும் எனக்கு அவள் இல்லை, தாஹா வீட்டிலேயே வளர்ந்தாலும் எனக்கு அவள் இல்லை. மூன்று வருஷம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. எனக்கென்று அல்லாஹ் கொடுக்காததால் இது கொடுத்ததுதான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இப்படி இருப்பவள் சொல்லும் யோசனையை நீ கேட்காமல் இருப்பதே நல்லது. நீ படித்தவள், உன் வாழ்க்கை. எதை எடுத்தாலும் ஒன்று போகும் என்று தெரிந்தே எடு. உன்னைக் குறை சொல்ல யாராவது இந்த வாசலுக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷப் படிப்பென்றால் ஜமாத்துக்கு எழுதி அனுப்பு, நானே கொண்டுபோய் முத்தவல்லி கையில் கொடுக்கிறேன். இரண்டு வருஷம் என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நீ வேலைக்குக் கிளம்புமுன் போன் செய். ஆஃப்ரின் இங்கே இருப்பாள். நீயே அவளிடம் சொல். அம்மா நோன்புப் பெருநாளைக்கு வந்துவிடுவாள், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லி என் பேச்சை இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை.

அல்லாஹ் உனக்கு எது நல்லதோ அதை லேசாக்கித் தரட்டும். வெள்ளிக்கிழமை நீ சொல்வதைக் கேட்டு அவள் அழுதால் தூக்கி வைத்துக்கொள்ள நான் இருக்கிறேன். போனை வைத்த பிறகு அங்கே உன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அதை மட்டும் முதலில் எனக்கு எழுது.

உன் அக்கா,
ஜஹானாரா