அவள் சொல்லும் மறுபாதி

8-7-2001, ஞாயிறு

மாரத்தானுக்காக எட்டயபுரம் சாலையில் விடியுமுன் ஓடும்போது ஜெபமாலை சொல்வோம். ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’யிலும் முதல் பாதி என்னுடையது, பின்னால் சைக்கிளில் வரும் மனைவி ஸ்டெல்லா மறுபாதியைச் சொல்வாள். கால் தானாக ஓடும்.

அவள் நர்ஸ் வேலைக்குச் சவுதி போனபின், பதில் வராத ஜெபத்தோடு என்னால் ஓட முடியவில்லை. ஒரு மாதமாக ஷூ கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

இன்று போன் செய்தாள்.

“ஓடுதீங்கள்லா? நீங்க ஓடுத நேரம் எனக்கு நைட் டூட்டி. இங்கன வாய்விட்டுச் சொல்ல முடியாது. தெனமும் மறுபாதிய மனசுக்குள்ள சொல்லுதேன்.”

“ம்” என்றேன்.

இப்போதுதான் ஷூவைத் தட்டினேன். காய்ந்த கரிசல் மண் உதிர்ந்தது. நான் படுத்துக்கிடந்த விடியல்களிலெல்லாம் அங்கே அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.