பெட்டி இடம் மாறிய வருஷம்

ஏப்ரல் 4

"டீச்சர், ஒரு நாள் சுட்டா வானிலை. எத்தனை நாள் சுட்டா காலநிலை?" முப்பது வருஷத்துக்கு முன், வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைத் துளைத்தெடுத்த ஒருத்தி கேட்டது. முப்பது வருஷம் என்றேன். சொன்ன வாய்க்காகவே பள்ளி மரத்தடியில் ஒரு வெப்பமானிப் பெட்டியை மாட்டி, தினமும் மதியம் இரண்டு மணிக்குப் படித்து எழுதத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இன்றோடு அந்த முப்பது வருஷம் முடிந்தது; கூட்டி வகுத்துப் பார்த்தேன். முதல் பத்து வருஷச் சராசரியைவிடக் கடைசிப் பத்து வருஷம் 1.9 டிகிரி அதிகம்.

நாளை தம்பியிடம் காட்ட வேண்டும். அவனுடைய இஸ்திரி ஷெட்டில் போன வாரம் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தகரக் கூரை, எட்டுப் பெண்கள், எட்டு இஸ்திரிப் பெட்டிகள். மதிய வேலையை விடியற்காலைக்கு மாற்றச் சொன்னால், "வெயில் எப்பவும் அடிக்கிறதுதான்" என்கிறான். இன்னொருத்தி விழும்வரை காத்திருப்பானா?

ஏப்ரல் 5

ஷெட்டில் நோட்டைப் புரட்டிய தம்பி பதினேழாம் வருஷத்தில் நிறுத்தினான். ஓரத்தில் என் கையெழுத்து: பெட்டி மரத்திலிருந்து பள்ளி ஆபீஸ் சுவருக்கு மாற்றப்பட்டது.

"அக்கா, அதுக்கப்புறம் நீ சிமெண்டுச் சுவத்தோட சூட்டைத்தான அளந்திருக்க? பூமி சுடுதுன்னு சொல்றவங்க கணக்கெல்லாம் இப்படித்தான்."

பெண்கள் இஸ்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

நானே எழுதிய குறிப்பு. நானே கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் செய்திருந்தால் மார்க் போட்டிருப்பேனா?

ஏப்ரல் 8

பள்ளியில் அனுமதி கிடைத்தது. பழைய மரத்தில் ஒரு மானி, சுவரில் ஒன்று. ஒரு மாதம் இரண்டையும் படிக்க வேண்டும். அதுவரை வாயைத் திறப்பதாக இல்லை.

மே 8

மரத்தைவிடச் சுவர் சராசரியாக ஒரு டிகிரி அதிகம் காட்டுகிறது. 1.9இல் ஒன்று போனால் 0.9. பாதிக்கு மேல் போய்விட்டது – மீதி போகவில்லை.

மே 9

ஷெட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அப்ப பாதி பொய்னு ஒத்துக்கிற."

"பாதி தப்புடா. தராசுத் தட்டு கோணலா இருந்தா சரிபண்ணி நிறுப்ப. தட்டுல சரக்கே இல்லன்னு சொல்லுவியா?"

மயங்கி விழுந்தவள் நடுவில் புகுந்தாள். "டீச்சர், அந்த மானியை இங்கயும் மாட்டுங்களேன். ஃபேனுக்குக் கீழ முதலாளி சூடு, தகரத்துக்குக் கீழ எங்க சூடு, ரெண்டும் தெரிஞ்சுடும்."

எல்லாரும் சிரித்தார்கள், தம்பியைத் தவிர. "உன் மானியை நம்ப மாட்டேன்க்கா. நானே வாங்கி மாட்டுறேன்."

"வாங்கு."

மே 13

தம்பியிடமிருந்து போன் இல்லை.

மே 15

அவனே கூப்பிட்டான். முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் சுற்றிவளைத்துவிட்டு, "தகரத்துக்குக் கீழ நாப்பத்தி மூணுன்னா ரொம்பவாக்கா?"

"ரெண்டு மணிக்கு அங்க நின்னியா?"

"நின்னேன்."

ஜூன் 2

ஷெட் இப்போது காலை ஐந்துக்குத் திறந்து, பதினொன்றரைக்குப் பூட்டுகிறது. ஏன் என்று கேட்டேன். "காலையில கரண்ட் ஒழுங்கா வருது, அதான். பூமி கீமின்னு ஆரம்பிச்சுடாத." ஆரம்பிக்கவில்லை.

பிற்பகல் ஓய்வாக இருப்பதால், பள்ளி மானியை இனித் தானே படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள் அன்று மயங்கி விழுந்தவள். நாளை நோட்டு அவள் கைக்குப் போகிறது. அவளுக்காக முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:

பெட்டியை எப்போதாவது இடம் மாற்ற நேர்ந்தால், பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரு மாதம் சேர்த்துப் படி.